துவக்குக்கு மருந்து போடும்போது பேசாதே

அம்பு வெங்கட்ராமனின் நெஞ்சில் நுழைந்து, முதுகுப் பக்கம் நான்கு விரல்கடை வெளியே வந்து நின்றிருந்தது. பனி விழுந்து வெளுத்த புல்லில் அவர் ஒருக்களித்துக் கிடந்தார். வாய்வழியே வந்த இரத்தம் தாடியில் உறைந்து கட்டியாகியிருந்தது. கண்கள் இரண்டும் திறந்தபடி.

இந்தப் படத்தைத்தான் கிரண் நாற்பதாவது தடவையாகக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் மடியில் இடியப்பப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு. மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் பிள்ளைகளே, இன்றைக்கு இரத்தம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் உங்களைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போக மாட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டே வாருங்கள்.

"ஐடி கம்பெனியில என்னைத் தூக்கினப்போகூட இவ்ளோ ரத்தம் சிந்தல அக்கா," என்றான் கிரண்.

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடு," என்றாள் காரை ஓட்டிக்கொண்டிருந்த சிவகௌரி.

"வாயை மூடிக்கிட்டு எப்படிச் சாப்பிடறது?"

சிவகௌரிக்கு ஐம்பத்திரண்டு வயது. கங்காரு நாட்டின் கிளென் வேவர்லி ஸ்டேஷன் பக்கம், ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில், லைசென்ஸ் எடுத்துத் துப்பறியும் தொழில் செய்கிறவள். பேச்சில் கஞ்சம். அவளிடம் உதவியாளனாக இருக்கும் கிரண் சென்னைக்காரன். அவள் மிச்சம் பிடிக்கும் பேச்சையெல்லாம் சேர்த்து அவன் பேசிவிடுவான்.

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை மான்ஸ்ஃபீல்டைத் தாண்டிய காட்டுக்கு மூன்று பேர் மான் வேட்டைக்குப் போனார்கள். நித்தியானந்தன், வயது அறுபத்தெட்டு, கையில் பழைய காலத்து இடியன் துவக்கு. அதாவது குழல் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு இடித்து இறக்கிச் சுடுகிற ஒற்றைக் குழல். லக்சன், வயது இருபத்தேழு, கையில் வில். மூன்றாவது ஆள் வெங்கட்ராமன், கையில் கேமரா மட்டும். காலை ஏழு மணிக்கு வெங்கட்ராமன் பிணமாகக் கிடந்தார். அம்பு லக்சனுடையது. முதல் நாள் இரவு லக்சனும் வெங்கட்ராமனும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார்கள் என்று நித்தியானந்தன் சொன்னார். அவருக்கோ இடது தோளில் இரண்டு தடவை ஆபரேஷன்; வில்லை இழுப்பது இருக்கட்டும், சட்டையைத் தலைவழியாகப் போடவே முடியாது. போலீஸ் லக்சனைக் கூட்டிக்கொண்டு போனது. நாளை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோர்ட்டில் கொலைக் குற்றம் பதிவாகும்.

புறப்படும்போது இடியப்பப் பொட்டலத்தைக் கொடுத்தவள் லக்சனின் தாய் யோகராணி. ஐந்து நாளாக உடுத்த உடுப்போடு இருந்தாள். கிரணின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நல்ல செய்தி எண்டால் நீங்கள்தான் எனக்கு எடுத்துச் சொல்லோணும். கௌரி சொன்னா ரெண்டு சொல்லில முடிச்சிடுவா. நீங்கள் வடிவா விரிச்சுச் சொல்லுவியள்," என்றாள்.

"சொல்றேன் அன்ரி. சத்தியமா நானே சொல்றேன்," என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அதை நினைத்துப் பொட்டலத்தை மடித்து வைத்தான்.

"அம்பின்ட வாலைப் பெருப்பிச்சுப் பார்," என்றாள் சிவகௌரி. "என்ன தெரியுது?"

"மூணு ஆரஞ்சு இறகு. பிளாஸ்டிக். சுருண்டுபோய் ஓரமெல்லாம் கறுத்து… அனல்ல காட்டின அப்பளம் மாதிரி."

"லக்சன்ட மிச்ச அஞ்சு அம்பு?"

"கடையில வாங்கின மேனிக்குப் புத்தம் புதுசு. இது மட்டும் ராத்திரி கேம்ப் நெருப்புல விழுந்திருக்கும்னு போலீஸ் சொல்றாங்களே?"

"சுருண்ட இறகோட அம்பு நேராப் போகாது. அது தெரிஞ்சும் வில்லுக்காரன் உந்த அம்பையே எடுத்து விடுவானோ?"

"அப்ப யாரு விட்டது?"

சிவகௌரி கியரை மாற்றினாள். பதில் சொல்லாமல் இருப்பதற்கு அவள் தனியாகக் கட்டணம் வாங்கலாம் என்று கிரண் நினைத்துக்கொண்டான்.

*

நித்தியானந்தன் வீடு யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே, பக்கத்து வீடு கண்ணுக்கே தெரியாத ஒரு சரிவில் இருந்தது. பின்பக்கம் தகரக் கொட்டகை. அதன் உத்தரத்தில் பெரிய கொம்பு மான் ஒன்று பின்னங்கால்களில் கொக்கி மாட்டித் தலைகீழாகத் தொங்கியது. பாதி உரித்திருந்தது. உரித்த தோல் கழுத்துவரை வழிந்து, கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது தலையில் சிக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. கயிற்றின் மறுமுனை தூணில் ஒரு முளையில் சுற்றியிருந்தது. கீழே வாளியில் இரத்தம் சொட்டுச் சொட்டாக.

"வாங்கோ, வாங்கோ! யூடியூப் ஆக்கள்தானே?" நித்தியானந்தன் கத்தியோடு திரும்பினார். முழங்கை வரை சிவப்பு. "வில்லு எவ்வளவு ஆபத்தான சாமான் எண்டு எங்கட சனத்துக்குச் சொல்லத்தான் ஓமெண்டனான். பாவம் வெங்கட். பாவம் அந்தப் பொடியனும்."

யூடியூப் சேனல் என்று பொய் சொல்லித்தான் வந்திருந்தார்கள். கிரண் முக்காலியில் கைபேசியைப் பொருத்தினான். "அங்கிள், இந்த மிளா எத்தனை கிலோ?"

"மிளாவோ? இது மரை, தம்பி."

"எங்க ஊர்ல மிளா."

"உங்கட ஊர் என்னவும் சொல்லட்டும். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி எங்கட நாட்டில இருந்தும் வெள்ளைக்காரன் கப்பலில கொண்டு வந்தவன்."

"அப்ப இதுதான் நம்மள்ல சீனியர் மைக்ரன்ட். பி.ஆர். விசா கிடைச்சுதா?"

"குண்டுதான் கிடைச்சது," என்று அவர் சிரித்து, கத்தியைக் காற்சட்டையில் துடைத்தார். "சரி, எடுங்கோ."

எடுத்தார்கள். ஒரு மணி நேரம் எடுத்தார்கள். மனிதர் மூச்சு விடாமல் பேசினார்.

"வில்லு எண்டுறது கிட்டப் போற வேலை. முப்பது மீற்றர். காத்து மாறினா முடிஞ்சுது, மரை மணந்து பிடிச்சிடும். சரி, விட்டான், பட்டிட்டுது எண்டு வையுங்கோ. உடன விழுமோ? விழாது. அம்பைத் தூக்கிக்கொண்டு ஓடும். இவர் அரை மணித்தியாலம் குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கோணும். பிறகு இரத்தத்தைப் பாத்துப் பாத்துப் போகோணும். நுரையோட ரோஸ் எண்டால் நுரையீரல், கிட்டத்தில கிடக்கும். கறுப்பெண்டால் ஈரல், பின்னேரம் வரை தேடு. பச்சையா மணந்தால் குடல். அண்டைக்கு அதுக்கும் நித்திரை இல்லை, இவருக்கும் இல்லை." அவர் கேமராவைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ஒருக்கா லக்சன் ஒரு பெட்டை மரைக்கு வயித்தில விட்டுட்டான். ரெண்டு கிலோமீற்றர் கலைச்சுப் போனம். ஆத்துக்குள்ள நிக்குது. தன்ர குடலைத் தானே மிதிச்சு மிதிச்சு நிக்குது. இவன் நிண்டு அழுறான். நான்தான் இறங்கிக் கழுத்தை அறுத்தனான். சூடு இந்தக் கை முழுக்க."

கிரண் கைபேசியைச் சரிசெய்கிறவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இடியன் அப்பிடியில்லை, தம்பி. ஒரு வெடி. ரெண்டாவது இல்லை. அதால மனுசன் கவனமா இருப்பான். புகை வந்து கண்ணை மறைக்கும். புகை விலகேக்க மரை கிடக்கும்." அவர் சுவரிலிருந்து துவக்கை எடுத்தார். "வாங்கோ, காட்டுறன். ஆனா ஒரு சட்டம். நான் மருந்து போடேக்க ஒருத்தரும் கதைக்கக் கூடாது."

"ஏன் அங்கிள், சாமிக்குத்தமா?"

"கதைச்சால் ஒண்டை மறப்பம். இடியன்காரனுக்கு அதைவிட வெக்கக்கேடு வேற இல்லை."

மூவரும் கொட்டகை வாசலுக்கு வந்தார்கள். நாற்பது மீட்டர் தள்ளி ஒரு பெயின்ட் வாளி இலக்காக நின்றது. நித்தியானந்தன் துவக்கை மரக்குற்றியில் சாய்த்தார். மாட்டுக் கொம்பிலிருந்து கரிய தூளைச் சிறு பித்தளைக் குவளையில் அளந்து எடுத்தார்.

"இது தீபாவளி வெடி மருந்துதானே அங்கிள்? எங்க வீட்டு மொட்டை மாடியில நான் ஒரு தடவை ராக்கெட்டைப் படுக்கவச்சு விட்டு…"

"தம்பி."

"ஸாரி. ஆனா ஒண்ணு. வில்லுல சத்தம் இல்ல, புகை இல்ல. இதுல இவ்ளோ சமையல் வேலை. அம்பு நாலு விடறதுக்குள்ள நீங்க இன்னும் உப்பு புளி அளந்துட்டு இருப்பீங்க போல?"

நித்தியானந்தனுக்குச் சுருக்கென்று ஏறியது. குவளையைக் குற்றியில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "நாலு அம்பு? நாலு அம்பு விடுறவன் வேட்டைக்காரனே? அவன் தையல்காரன்! ஒரு வெடியில விழுத்தத் தெரியாதவன்தான் நாலு சாமான் காவுவான். முப்பது வருஷமா நான் காவினது ஒரே ஒரு குண்டு!" திட்டிக்கொண்டே நெய் தடவிய துணித்துண்டை எடுத்தார், குண்டை அதில் வைத்துக் குழல்வாயில் அழுத்தினார், கம்பியால் இடித்து இறக்கினார். "சமையலாம்! உன்னை மாதிரி ஆக்களுக்குத்தான் கடையில குண்டு அடைச்சு விக்கிறான்!"

கிரண் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். சிவகௌரி கழுத்திலிருந்த கம்பளிச் சால்வையைக் கழற்றிக் குற்றிமேல் போட்டாள். மூக்கு நுனி மரத்துப்போகும் குளிரில் இவளுக்கு என்ன புழுக்கம் என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது. அதோடு மறந்துவிட்டான்.

நித்தியானந்தன் மருந்துக்குப் பொறி கொடுக்கும் சின்னச் செப்புக் கேப்பைப் பொருத்தினார். துவக்கு தயார்.

"சுடமுந்தி ஒண்டு கேக்கட்டே, அண்ணை?" ஒரு மணி நேரத்தில் சிவகௌரி பேசிய முதல் வாக்கியம் அது. "வீட்டுக்குள்ள சுவரில மாட்டியிருக்கிறது எத்தினை மரைத்தலை?"

"முப்பத்தொண்டு. முப்பத்தொரு வெடி. என்ர வாழ்க்கையில ஒரு வெடியும் பிழைச்சதில்லை. இதை வடிவா எடு தம்பி."

"ஒண்டுமே பிழைக்கேல்லை?"

"சத்தியமா."

"அப்ப சனிக்கிழமை விடிய ஆறே முக்காலுக்குக் கேட்ட வெடி எங்க பட்டது? மரை ஒண்டுக்குச் சுட்டனான், தவறிப்போச்சு எண்டு பொலிசுக்கு எழுதிக் குடுத்திருக்கிறியள்."

எங்கோ ஒரு கூக்கபரா பறவை கெக்கலித்து ஓய்ந்தது. பிள்ளைகளே, பெருமைக்காரனுக்கு இரண்டு வாய். ஒரு வாய் சொன்னதை மற்ற வாய்க்குத் தெரியாது. நித்தியானந்தனின் இரண்டு வாயும் இப்போது ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"நீ ஆர்?" என்றார்.

"லக்சன்ட தாய் அனுப்பின ஆள்."

குழல் திரும்பியது. முதலில் சிவகௌரியின் முகத்துக்கு. பிறகு, எதையோ யோசித்து, கிரணின் நெஞ்சுக்கு. கிரண் அதற்கு முன் எந்தத் துவாரத்தையும் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கிணற்றை எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

"கதை, பிள்ளை," என்றார் நித்தியானந்தன். "இவ்வளவு நேரமும் கதைக்காததையெல்லாம் கதை. எவ்வளவு தெரியுமெண்டு பாப்பம்."

சிவகௌரி அசையவில்லை. "பொலிஸ் வில்லை அள்ளிக்கொண்டு போனது. துவக்கை ஏறெடுத்தும் பாக்கேல்லை. அம்பெண்டால் வில்லுத்தானே எண்டு நினைச்சினம். நானும் ரெண்டு நாள் அப்பிடித்தான் நினைச்சனான். வில்லு இழுக்க ஏலாத மனுசன் அம்பு விடேலாதெண்டு. அந்தச் சுருண்ட இறகுதான் காட்டித் தந்தது. அது கேம்ப் நெருப்பில்லை அண்ணை. வெடிமருந்து நெருப்பு. லக்சன் நித்திரையா இருக்கேக்க ஒரு அம்பை எடுத்தியள். குழலுக்குள்ள குண்டு போடேல்லை. மருந்தைப் போட்டு, துணியை இடிச்சு, அம்பை வால் பக்கமா இறக்கினியள். முனை மட்டும் வெளியில. பத்தடி தூரத்தில நிண்டு சுட்டியள்."

கிரண் குழலைப் பார்த்தான். அந்தக் கிணற்றுக்குள்ளிருந்து அம்பு வரும் என்று இப்போதுதான் விளங்கியது.

"ஏன் சுட்டனான்? சொல்லன்."

"சுவரில நடுவில இருக்கிற பெரிய தலைக்காக. அதை இடியனால விழுத்தேல்லை. இரவில, லைட் அடிச்சு, வாகனத்துக்குள்ள இருந்து, சாதாரண ரைஃபிளால. அஞ்சு குண்டு. வெங்கட் அதைப் படத்தோட கண்டுபிடிச்சிட்டார். அவர்ட வீட்டில அந்தப் படத்தை நானும் பாத்தனான். சனிக்கிழமை பின்னேரம் வேட்டைக் கிளப்பில சொல்ல இருந்தவர். விடிய தன்ர பெண்சாதி விமலாவுக்கு மெசேஜ் போட்டவர்: 'இன்னைக்கு நித்தி அங்கிள் குட்டு உடையப் போகுது'. பகிடி எண்டு பொலிஸ் விட்டுட்டுது."

"அஞ்சில்லை," என்றார் நித்தியானந்தன். முகம் பன்றியீரல் நிறத்துக்கு மாறியிருந்தது. "மூண்டு. மூண்டு குண்டு. அந்தத் தாடிக்காரன் அஞ்செண்டு சொல்லித் திரிஞ்சவன். அம்பு பட்ட பிறகும் அவன் உடன சாகேல்லை, தெரியுமே? ரோஸ் நுரை. நுரையீரல். நான் பக்கத்தில குந்தியிருந்து பாத்தனான். ரெண்டு நிமிஷம். 'ஏன் அங்கிள்' எண்டு கேக்க வாய் எடுக்கிறான், நுரைதான் வருது." அவர் துவக்கைத் தோளில் அணைத்தார். "பொடியன் இளந்தாரி. பத்து வருஷத்தில வெளியில வந்திடுவான். எனக்கு அவ்வளவு காலம் இல்லை. நீங்கள் ரெண்டு பேரும் வேட்டைக்குள்ள குறுக்க வந்திட்டியள். அப்பிடி நடக்கிறதுதான்."

"அங்கிள், ஒரு நிமிஷம்…" என்றான் கிரண்.

நித்தியானந்தன் விசையை இழுத்தார்.

டப்.

அவ்வளவுதான். தீபாவளிக்குச் சின்னப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுக் கேப்பின் சத்தம். நூலளவு புகை எழுந்து காற்றில் போனது. கிரண் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தான். ஓட்டை இல்லை.

சிவகௌரி குற்றிமேல் கிடந்த சால்வையை இரண்டு விரலால் தூக்கினாள். பித்தளைக் குவளை அப்படியே இருந்தது, விளிம்பு வரை கரிய தூளோடு.

"மருந்து போட மறந்திட்டியள், அண்ணை."

நித்தியானந்தன் குவளையைப் பார்த்தார். அந்த முகத்தைக் கிரண் சாகும்வரை மறக்க மாட்டான். பிடிபட்ட கொலைகாரன் முகம் அல்ல அது. நடுச்சபையில் வேட்டி அவிழ்ந்தவன் முகம்.

மறு நொடி துவக்கு தலைகீழாகச் சுழன்றது. மரக்கட்டைப் பிடி கிரணின் தாடையில் இறங்கிய சத்தம் அவனுக்கு வெளியிலிருந்து அல்ல, மண்டைக்குள்ளிருந்து கேட்டது. வாய் நிறையச் சூடு. இரண்டு பல் நாக்கில் உருண்டது. அவன் மண்டியிட, அடுத்த அடி தோளில், அதற்கடுத்தது முதுகில். "உன்ர வாய்! உன்ர வாயாலதான்!" என்று அந்த மனிதர் அலறினார். முக்காலி பறந்தது.

சிவகௌரி பின்னால் கொட்டகைக்குள் ஓடினாள். நித்தியானந்தன் துவக்கை எறிந்துவிட்டு, உரிக்கும் கத்தியை உருவிக்கொண்டு துரத்தினார். முதல் வீச்சு அவள் முன்கையைத் திறந்தது. கோட்டுத் துணியோடு தசையும் விரிந்தது. அவள் தொங்கிய மானைச் சுற்றி ஓடினாள். அவர் குறுக்கே பாய்ந்து, மானுக்கு நேர் கீழே வந்து, இரத்த வாளியை இடறினார். அந்த ஒரு கணத்தில் அவள் தூண் முளையிலிருந்த கயிற்றை அவிழ்த்து விட்டாள்.

நூற்றெண்பது கிலோ மரை கொம்போடு இறங்கியது. தொடை எலும்பு முறிந்தது பச்சை விறகை உடைத்த மாதிரி கேட்டது. ஒரு கொம்பு முனை அவர் கத்தி பிடித்த கையைத் தரையோடு தைத்துவிட்டது. அவர் கத்தினார், பிறகு கத்தவும் மூச்சில்லாமல், பாதி உரித்த அந்த மிருகத்தின் கீழ், தோளோடு தோள் சேர்ந்து கிடந்தார்.

சிவகௌரி கத்தியைக் காலால் தள்ளினாள். சால்வையால் தன் கையைக் கட்டினாள். புல்லில் விழுந்து கிடந்த கைபேசியை எடுத்துப் பார்த்தாள். கண்ணாடியில் விரிசல் விட்டிருந்தது. ஆனால் சிவப்புப் புள்ளி இன்னும் மின்னிக்கொண்டுதான் இருந்தது. ஒரு சொல் விடாமல் எல்லாம் அதற்குள் இருந்தது.

*

ஆம்புலன்ஸ் படியில் கிரண் உட்கார்ந்திருந்தான். தாடையைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு இடத்தில் முறிவு. ஆறு வாரம் கம்பி போட்டுப் பூட்டுவார்கள், பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

சிவகௌரி அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அவர் குவளையைக் கீழ வைக்கேக்க கண்டனான். நீ இன்னும் ஒரு நிமிஷம் கதைக்கோணும் எண்டு கும்பிட்டுக்கொண்டு நிண்டனான். நீ நிப்பாட்டேல்லை." அவன் தலையில் ஒரு தட்டு. "இனிமேல் உன்னை வாயை மூடச் சொன்னால் என்ர பேரை மாத்து."

கிரண் கண்ணால் சிரிக்கப் பார்த்தான். வலித்தது. அவள் பையில் இருந்த கிரணின் கைபேசி அடித்தது. திரையில் யோகராணி.

சிவகௌரி எடுத்து அவன் காதில் வைத்தாள்.

"தம்பி? தம்பி கிரண்? ஏன் ஒண்டும் கதைக்கிறியள் இல்லை?" அந்தப் பக்கம் குரல் நடுங்கியது. "கௌரி பக்கத்தில இருக்கிறாவோ? ஐயோ, நல்ல செய்தி இல்லையோ? நல்ல செய்தி எண்டால் நீங்கள் கதைப்பன் எண்டு சொன்னனீங்களல்லோ?"

கிரண் சிவகௌரியைப் பார்த்தான். போனைத் திரும்ப எடுக்கப் பார்த்த அவள் கையை ஒதுக்கினான். தாடைக் கட்டுக்குள் நாக்கைத் தேடி, இரத்தத்தை விழுங்கி, வாழ்நாளிலேயே தான் பேசிய மிகச் சின்னப் பேச்சைப் பேசினான்.

"வர்றான், அன்ரி."